பணக்கார ஆட்டமா? எடின்பரோவில் போய்ச் சொல்லுங்கள்!

ஸ்காட்லாந்தின் தலைநகரைச் சுற்றி எந்த கோல்ஃப் மைதானத்தில் ஆடலாம், எதை விட்டுவிடலாம்? ஒரு நேரடி வழிகாட்டி

1811 புத்தாண்டுக்கு மஸல்பரோ ஊர் கோல்ஃப் கிளப் ஒரு போட்டி வைத்தது. ஆட அழைக்கப்பட்டவர்கள் ஊர் மீன்காரப் பெண்கள். முதல் பரிசு, ஒரு புது மீன்கூடையும் ஒரு சால்வையும். கூடவே பட்டுக் கைக்குட்டைகளும். கிளப்பின் குறிப்பேட்டில் இது பதிவாகியிருக்கிறது. வாரம் முழுக்க முதுகில் கூடை சுமந்து எடின்பரோ தெருக்களில் மீன் விற்றவர்கள், விடுமுறை நாளில் கையில் மட்டையோடு கடலோரப் புல்வெளிக்கு வந்திருக்கிறார்கள். அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

நம் ஊரில் கோல்ஃப் என்றதும் மனதில் வருவது என்ன? உயர்ந்த மதில், வாசலில் செக்யூரிட்டி, பரம்பரையாகத் தொடரும் மெம்பர்ஷிப், உள்ளே நுழையவே ஒரு சிபாரிசு. எடின்பரோவில் இந்தக் கணக்கு செல்லாது. நகரின் நடுவே காசே வாங்காத மைதானம் இருக்கிறது. மாநகராட்சி மைதானங்கள் இருக்கின்றன. அரை மணி ரயிலில் போனால் உலகத் தரப் பட்டியல்களில் இடம்பிடித்த மைதானங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடலாம்.

பிரச்னை, தேர்ந்தெடுப்பதில்தான். எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் லோதியன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட மைதானங்கள். கையில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது? பெரும்பாலானோர் ‘உலகின் முதல் 100’ பட்டியலைத் திறந்து, மேலே இருக்கும் பெயரில் விரலை வைத்து, அங்கே இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நிலம் எப்படி? இன்னொன்று, வாசல் எப்படி?

மண்ணே வரைந்த மைதானம்

முதலில் நிலம். ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களை ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல்பூமி அது. நம் கடற்கரையில் சவுக்கும் தாழையும் நிற்கும் மணல்மேட்டைப் போல, உழவுக்கு உதவாத நிலம். பனியுகம் முடிந்து, பனிப்பாளத்தின் கனம் இறங்கியதும் நிலம் மெல்ல உயர்ந்தது, கடல் பின்வாங்கியது. விட்டுப்போன மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்தது. அதன் மேல் மெல்லிய, முரட்டுப் புல் படர்ந்தது. அதை மேய்ந்து குட்டையாக வைத்திருந்தவை ஆடுகளும் முயல்களும். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமான இடங்கள்தான் பிற்பாடு ‘பங்கர்’ எனும் மணல்குழிகள் ஆயின என்று சொல்வார்கள்.

மணல் என்பதால் மழை பெய்த சிறிது நேரத்திலேயே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். தரை இறுகலாக இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது. ஓடும், மேட்டில் பட்டுத் திரும்பும். எனவே இங்கே பந்தை வானத்துக்குத் தூக்கி அடிப்பவரைவிட, தாழ்வாகத் தட்டி உருட்டத் தெரிந்தவருக்கே மரியாதை. டெலிவிஷனில் பார்க்கும் அமெரிக்க மைதானங்களில் மெத்தைப் புல்லும் செயற்கைக் குளமும் இருக்கும். இங்கே இருப்பவை காற்றும் மேடும்தான். ஸ்காட்லாந்து வரை போய்விட்டு லிங்க்ஸில் ஆடாமல் திரும்புவது வீண்.

நகரத்துக்குள்ளேயே

அடுத்து வாசல். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம் என்பதால் தொடக்கம் நகரத்துக்குள் இருக்கட்டும். எடின்பரோ கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது பிரண்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ். இது ஒரு பொதுப் பூங்கா. கோடையில் இங்கே சின்னச் சின்னதாக 36 குழிகள். கட்டணம் கிடையாது. பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஒரு தாத்தா பேரனுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும். ஆட்டம் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

துறைமுகப் பகுதியான லீத்தில் இன்னொரு பூங்கா உண்டு. அங்கே இப்போது கோல்ஃப் ஆடுவதில்லை; ஆனால் கோல்ஃபின் சட்டம் பிறந்த மண் அது. 1744-ல் நகர சபை ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அறிவிக்க, அந்தப் போட்டிக்காக 13 விதிகள் எழுதப்பட்டன. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் அவைதான். அன்று லீத்தில் இருந்தவை ஐந்தே குழிகள். வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். அடுத்த ஆண்டே அரசுக்கு எதிரான கலகத்தில், அதற்குத் தலைமை தாங்கிய இளவரசர் சார்ல்ஸ் பக்கம் வைத்தியராகப் போய், தோல்விக்குப் பின் பிடிபட்டார். தூக்குக் கயிற்றிலிருந்து அவரைக் காப்பாற்றியது, கூடவே கோல்ஃப் ஆடிய தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸின் பரிந்துரை.

அதற்கும் முந்தைய கதை சுவையானது. 1457-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. வில்வித்தை பழக வேண்டிய இளைஞர்கள் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்பதுதான் கவலை. 1471-லும் 1491-லும் மறுபடி தடை. ஒரே சட்டத்தை மூன்று முறை போட வேண்டியிருந்தது என்றால், ஜனங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் 1502-ல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் மட்டை வாங்கினார். தடை அத்தோடு சரி.

நகர எல்லைக்குள் முழு அளவு ஆட்டம் வேண்டுமென்றால், தெற்கே மலைமேல் இருக்கும் பிரெய்ட் ஹில்ஸ். 1889-ல் திறக்கப்பட்ட பொது மைதானம். பிரண்ட்ஸ்ஃபீல்டில் கூட்டம் நெரிந்ததால் நகரம் தன் மக்களுக்காக ஏற்படுத்தியது. இது மணல்பூமி அல்ல, பாறையும் புதரும் கலந்த குன்று. கோர்ஸ் என்ற முட்புதர் வசந்தத்தில் மலை முழுக்க மஞ்சளாகப் பூக்கும். அந்தப் பூவில் தேங்காய் வாசனை அடிக்கும் என்பது நம்மவர்களுக்கு ஆச்சரியம். உச்சியில் நின்றால் கோட்டை, ஆர்தர்ஸ் சீட் மலை, அதற்கப்பால் ஃபோர்த் கழிமுகம் எல்லாம் தெரியும். 1931-ல் பிரிட்டிஷ் ஓபன் வென்ற டாமி ஆர்மர் இந்த ஊர்ப் பிள்ளை. இந்த மலையில் ஆடி வளர்ந்தவர். டவுன் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வரலாம். கட்டணமோ புகழ்பெற்ற மைதானங்கள் கேட்பதில் சிறு பங்கு.

குதிரைகளுக்கு நடுவே ஒன்பது குழி

மீன்காரப் பெண்கள் ஆடிய மஸல்பரோ ஓல்டு லிங்க்ஸ் இன்றும் இருக்கிறது. நகரத்திலிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள். மொத்தம் ஒன்பதே குழிகள். குதிரைப் பந்தயத் தடம் சுற்றி ஓட, அதன் வயிற்றுக்குள் மைதானம். பந்தய நாளில் ஆட்டம் கிடையாது. சென்னை வாசகர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது இப்படித்தான். 2024-ல் தமிழக அரசு அந்த நிலத்தின் குத்தகையை ரத்து செய்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மஸல்பரோவில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடலாம்.

இங்கே ஆடியதற்கான எழுத்துச் சான்று 1672-லிருந்து கிடைக்கிறது. 1874 முதல் 1889 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓபன் இந்த ஒன்பது குழிகளில்தான் நடந்தது. உலகம் முழுவதும் கோல்ஃப் குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். அந்த அளவில் குழி வெட்டும் கருவியை 1829-லேயே பயன்படுத்தியது மஸல்பரோ. பிறகு அதுவே எங்கும் விதியானது.

இன்றைய நிலையில் இது கடினமான மைதானமும் அல்ல, மிக அழகானதும் அல்ல. ஆனால் அந்தக் காலத்து ஹிக்கரி மரப்பிடி மட்டைகளை வாடகைக்கு வாங்கி ஆடலாம். நவீன மட்டையில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும் பள்ளம், மரமட்டையில் எமனாக நிற்கும். பழைய ஆட்டக்காரர்கள் மீது அப்போதுதான் மரியாதை வரும்.

கிழக்குக் கரையின் ராணி

மஸல்பரோவைத் தாண்டி கடலோரமாகவே போனால் லாங்நிட்ரி, கில்ஸ்பிண்டி, லஃப்னெஸ், கல்லன், நார்த் பெரிக், டன்பார் என்று ஊருக்கு ஊர் மைதானம். எல்லாவற்றையும் ஆடிவிட ஒரு வாரம் போதாது. இரண்டைச் சொல்கிறேன்.

கல்லன் ஊரில் ஒரே கிளப்புக்கு மூன்று மைதானங்கள். முதலாவது மைதானம் 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் ஓபன் கண்டது. தெருவை ஒட்டித் தொடங்கி, ஒரு குன்றின் மேல் ஏறி, உச்சியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. உச்சியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை மைதானம், அதற்கப்பால் தண்ணீர். அதில் இடம் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது மைதானங்கள் உண்டு. அதே குன்று, அதே மணல், குறைந்த கட்டணம். விவரம் தெரிந்தவர்கள் பலர் மூன்றாவதைத்தான் விரும்பி ஆடுகிறார்கள்.

கல்லனில் எனக்கு மிகப் பிடித்தது வேறு. சிறுவர்களுக்கென்றே ஆறு குழிகள் கொண்ட ஒரு மைதானம், இலவசமாக. பெரியவர்கள் அங்கே ஆட வேண்டுமானால் ஒரு குழந்தை கூட்டிக்கொண்டு வர வேண்டும்! நார்த் பெரிக்கிலும் இதே விதியோடு ஒரு சிறுவர் மைதானம் உண்டு. பெரியவர் கைபிடித்துக் குழந்தை உள்ளே போவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்து நார்த் பெரிக்கின் வெஸ்ட் லிங்க்ஸ். எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல். இறங்கி மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். 1832-ல் தொடங்கிய கிளப். வலது பக்கம் அடி தவறினால் பந்து கடற்கரையில் நடப்பவர்கள் காலடிக்குப் போகும். 13-வது குழிக்கு முன்னால் ஒரு பழைய கருங்கல் சுவர் குறுக்கே நிற்கிறது. இடிக்க மனமில்லாமல் விட்டுவிட்டார்கள், தாண்டி அடிப்பது உங்கள் பாடு. 16-வது குழியின் புல்தரையை நடுவே ஒரு பள்ளம் இரண்டாகப் பிளக்கிறது. 18-வதில் வலது ஓரமாக வரிசையாகக் கார்கள். கைநடுக்கம் இல்லாதவர்கள் பாக்கியவான்கள்.

புகழ்பெற்றது 15-வது குழி. பெயர் ரெடான். கிரிமியப் போரில் ரஷ்யர்கள் கட்டிய கோட்டை அரணின் பெயர் அது. குழி இருக்கும் புல்தரை குறுக்காக, ஆட்டக்காரரை விட்டு விலகிச் சரிகிறது. முன்னால் இடப்பக்கம் ஆழமான பங்கர். குறிபார்த்து நேராக அடித்தால் வேலைக்கு ஆகாது. வலப்பக்கம் இறக்கி, சரிவே பந்தை உருட்டிக் குழியருகே கொண்டுபோகும்படி விட வேண்டும். மைதான வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிளேர் மக்டொனால்ட் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நியூயார்க் அருகே தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் அமைத்தார். அதன் பின் உலகெங்கும் இதற்கு நகல்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். கடலுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு பாறை தெரியும். அது பாஸ் ராக். வெள்ளையாகத் தெரிவது பாதி, அதில் குடியிருக்கும் கேனட் கடற்பறவைகள்.

பாதி திறந்த கதவு

இதே கரையில்தான் மியூர்ஃபீல்டும் இருக்கிறது. லீத்தில் 1744-ல் விதி எழுதிய அந்தக் குழுவேதான் பிற்பாடு மஸல்பரோ போய், கூட்டம் தாங்காமல் 1891-ல் இங்கே தனக்கென மைதானம் அமைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் ஓபனும் கூடவே வந்துவிட்டது. அதோடு மஸல்பரோவின் காலம் முடிந்தது. பொது நிலத்தில் ஆடியவர்கள் சுவருக்குள் போன கதை ஸ்காட்லாந்திலும் உண்டு என்பதற்கு இது சாட்சி.

மைதானத்தில் குறை சொல்ல முடியாது. முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாக வலஞ்சுழியாகவும், பின் ஒன்பது உள்வட்டமாக இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. அதனால் காற்று அடிக்கும் திசை அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டிஷ் ஓபன் 16 முறை இங்கே நடந்திருக்கிறது.

குறை கிளப்பில் இருந்தது. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்கான தீர்மானம் 2016-ல் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் தோற்றது. உடனே ஓபன் நடத்தும் பட்டியலிலிருந்து மியூர்ஃபீல்டு நீக்கப்பட்டது. மறு ஆண்டு மறுபடி வாக்கெடுத்து, பெண்களை அனுமதித்தார்கள். 2022-ல் பெண்கள் பிரிட்டிஷ் ஓபனே அங்கே நடந்து, தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி பூஹாய் வென்றார். மீன்காரப் பெண்களுக்குப் பரிசு கொடுத்த ஊரிலிருந்து சில மைல் தள்ளி, 200 ஆண்டுக்குப் பிறகு பெண்களைச் சேர்க்க இரண்டு வாக்கெடுப்பு தேவைப்பட்டது!

வெளியாட்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் ஆட முடியும். கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். மதியச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் கட்டாயம். காசும் பொறுமையும் உள்ளவர்கள் போகலாம். மற்றவர்கள் போகாததால் நஷ்டமில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ்: ஊருக்குச் சொந்தமான கோயில்

எடின்பரோவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். எல்லோரும் கேட்கும் பெயர் இதுதான். இதன் ஓல்டு கோர்ஸ் தனியார் கிளப்புக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பக்கத்தில் கம்பீரமாக நிற்கும் கல் கட்டடம்தான் கிளப்புடையது. மைதானம் பொதுச்சொத்து, ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. இந்த மண்ணில் ஆடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஆர்ச்பிஷப் ஹாமில்டன் 1552-லேயே சாசனம் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு அவர் இங்கே முயல் வளர்த்துக்கொள்ளலாம். அந்த முயல்களே பின்னாளில் வினையாயின. 1797-ல் கடனில் மூழ்கிய நகர சபை நிலத்தைக் கைவிட, முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. ஊராருக்கும் அவர்களுக்கும் இருபது ஆண்டுக்கு மேல் அடிதடியும் வழக்கும். 1821-ல் கோல்ஃப் பிரியரான நிலக்கிழார் ஒருவர் வாங்கிக் காப்பாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸுக்கு விடுமுறை. அன்று ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் மேல் உலாவுகிறார்கள். ஆடாதவர்களும் மைதானத்துக்குள் இருக்கும் ஸ்வில்கன் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரிய புல்தரைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும்: இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று.

இடம் கிடைப்பது எப்படி? முன்கூட்டியே பதிவு செய்யலாம். ஆனால் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். இல்லையென்றால் குலுக்கல். ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு தெரியும். ஆட்டத் தரத்தைச் சொல்லும் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள். சீட்டு விழாவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். அதே அறக்கட்டளையிடம் மொத்தம் ஏழு மைதானங்கள். பக்கத்திலேயே இருக்கும் நியூ கோர்ஸ் பெயரில்தான் புதிது, திறந்தது 1895-ல்.

போகும் முன்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலைக் கட்டணம் பல இடங்களில் குறைவு. காலையில் ஊர் சுற்றிவிட்டு ஐந்து மணிக்கு மேல் ஆடத் தொடங்கலாம். குளிர்காலத்திலும் லிங்க்ஸ் திறந்திருக்கும், பகல்தான் சிறுத்துவிடும்.

சனிக்கிழமை காலைகள் பெரும்பாலும் உறுப்பினர்களின் போட்டிகளுக்கு. வெளியூர்க்காரர்கள் வார நாட்களைக் கேட்டால் வாசல் சுலபமாகத் திறக்கும். இங்கே பேட்டரி வண்டியை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் நடைதான். ஐந்தாறு மைல் நடக்கத் தயாராக, மழைச் சட்டையோடு போங்கள். மட்டை வாடகைக்குக் கிடைக்கும், அதனால் விமானத்தில் சுமந்து வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மட்டைப் பை சுமந்து வழிகாட்டும் ‘கேடி’ வேண்டுமென்றால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ரெடானில் எங்கே அடிப்பது என்று அவர் காட்டும் விரல் கொடுத்த காசுக்கு மேல் மதிப்புள்ளது.

முடிவாக ஒரு சிபாரிசு. ஒரு மாலை மட்டும்தான் இருக்கிறதா? பிரெய்ட் ஹில்ஸ். ஒரு முழு நாளா? யோசிக்காமல் நார்த் பெரிக். இரண்டு நாள் என்றால் கல்லனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாள் இருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் குலுக்கலில் பெயர் கொடுங்கள். விழுந்தால் யோகம், விழாவிட்டால் நியூ கோர்ஸ். குடும்பத்தோடு போகிறவர்கள், மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் பிரண்ட்ஸ்ஃபீல்டில் ஓர் அரை மணி செலவழியுங்கள். நார்த் பெரிக்குக்கும் கல்லனுக்கும் கோடையில் கூட்டம் அதிகம். ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு ஆட்ட நேரத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.